படிக்கட்டு முறை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. ஃபோனில் பேசினால் பாதியில் அத்தான் வாங்கி, யூரோ இன்றைக்கு என்ன விலை என்று ஆரம்பித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

"அங்கே அக்கம்பக்கத்துல யாராவது மூஞ்சி குடுத்துப் பேசுவாங்களாடா?" என்று கேட்டிருந்தாய். பேசுவார்கள் அக்கா. சட்டம் பேசுவார்கள்.

நான் குடியிருப்பது ஸ்டுட்கார்ட் நகரத்தை ஒட்டிய சின்ன ஊர். இந்தச் சீமைக்கென்றே 'கேர்வோகே' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் இருக்கிற குடித்தனங்கள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வாரம் படிக்கட்டையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு குட்டிப் பலகை தொங்கும். வாரம் முடிந்தால் அடுத்த வீட்டுக் கதவுக்கு மாறிவிடும். மார்கழி விடியலில் நம் பெரியம்மா சாணம் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டு, இன்னும் கதவு திறக்காத வீட்டைப் பார்த்து ஒரு கனைப்புக் கனைப்பாரே, இங்கே அந்த வேலையைப் பலகை பார்க்கிறது.

அதற்காகக் கனைக்க ஆள் இல்லை என்று நினைத்துவிடாதே. கீழ்வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். நான் துடைத்து முடித்ததும் மெல்ல வெளியே வந்து, கைப்பிடியின் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பார்ப்பார். மேல்பக்கம் இல்லை, அடிப்பக்கம்! பிறகு விரலை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்குவார். தூசி இல்லையென்றால் அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கல்யாணமாகியும் மாமியார் வீட்டில் இருந்து பார்க்காத குறை எனக்குத் தீர்ந்தது.

இப்போது ஐப்பசி. உங்களுக்கு மழை பிடித்திருக்கும், ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீரும் வந்திருக்கும். இங்கே இலை கொட்டுகிறது. வாசலில் ஒரு மேப்பிள் மரம். நான் முன்னால் கூட்டிக்கொண்டு போக, அது பின்னால் போட்டுக்கொண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இலை ஊதும் எந்திரத்தை ஓட்டக் கூடாது, சத்தமாம். மரத்துக்கு மட்டும் ஞாயிறு லீவு கிடையாது.

பாட்டி சும்மா அதட்டுகிறவர் இல்லை, அவரிடம் ஒரு பஞ்சாங்கமே இருக்கிறது. போன மே மாதம் தக்காளி நாற்றைத் தொட்டியோடு வெளியே எடுத்தேன். மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து தடுத்துவிட்டார். நடு மே மாதத்தில் 'பனிப் புனிதர்கள்' என்று வரிசையாகச் சிலருடைய திருநாள் வருமாம். 15-ம் தேதி சோஃபி அம்மாள் கடைசி. அந்த அம்மாள் போகும் வரை உறைபனி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும், நாற்றை வெளியே வைக்கக் கூடாதாம். யோசித்துப் பார், அதே தேதியில் உனக்கு அக்னி நட்சத்திரம், மொட்டை மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் தாத்தாவும் இந்தப் பாட்டியும் சந்தித்திருந்தால் மணிக்கணக்கில் பேசியிருப்பார்கள், மொழியே தேவைப்பட்டிருக்காது.

ஆப்பிள் கதையைச் சொல்ல வேண்டும். ஊரைச் சுற்றிச் சரிவுகளில் பழைய ஆப்பிள் மரங்கள் நிறைய. பறிக்க ஆளில்லாத சொந்தக்காரர்கள் மரத்தில் மஞ்சள் நாடா கட்டிவிடுகிறார்கள். கட்டியிருந்தால் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், கேட்கவே வேண்டாம். நம் ஊர் ஆள் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த அம்மனுக்கு நேர்ந்தது என்று கேட்பார். நம் பக்கம் தோப்பில் சப்பட்டை மாங்காய் தொங்கும்போது மஞ்சள் துணியா கட்டினார்கள்? நாயைக் கட்டினார்கள். நம்மைக் கண்டதும் அதையும் அவிழ்த்துவிட்டார்கள்.

பாட்டியும் நானும் மூன்று சாக்கு பறித்து, ஊர்ப் பொது ஆலையில் கொண்டுபோய்ச் சாறு பிழிந்தோம். வரிசையில் நின்றால் ஊர்வம்பு முழுக்கக் காதில் விழுகிறது. எனக்குப் பாதிதான் புரிகிறது, அதுவே போதுமானதாக இருக்கிறது.

நீ அனுப்பிய பால்கோவாவை அவருக்குக் கொஞ்சம் கொடுத்தேன். ஸ்பூன் நுனியில் எடுத்துச் சந்தேகமாகச் சுவைத்தார். "இது எந்த மாதம் கிடைக்கும்?" என்றார். இங்கே எல்லாவற்றுக்கும் சீசன். வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டுகூட ஜூன் 24-ஓடு முடிந்தது என்பார்கள். "மாடு கறக்கிற வரைக்கும் கிடைக்கும்" என்றேன். திருப்தியில்லை. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். சான்றிதழ் இருக்கிறது என்றதும் முகம் மலர்ந்து, டப்பாவையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத்துக்கு வர முடியாத குறைக்கு ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்குப் போய் வந்தேன். ஈழத்துத் தமிழர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்குச் செய்த கோயில். சுற்றிலும் தொழிற்பேட்டை, பக்கத்தில் கால்வாய், அதில்தான் தீர்த்தம். வடம் பிடித்தேன். ஆண்டாள் தேர் முன்னால் இது குழந்தை. ஆனால் பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து ஐயா, "இழுங்கோ தம்பி, வேடிக்கை பார்க்காதையுங்கோ" என்று போட்ட அதட்டலில் தெற்கு ரத வீதிக்கே போய்விட்டேன்.

தீபாவளிக்கு வெடி கிடையாது. வருஷக் கடைசி இரவில் மட்டும்தான் இங்கே அனுமதி. சிவகாசிக்குப் பக்கத்தில் பிறந்தவன் வெடி போட டிசம்பர் 31 வரை காத்திருக்கிறேன், எண்ணெய் தேய்த்தது அன்றே காய்ந்துவிட்டது.

ராஜபாளையம் நாய்க்குட்டி அனுப்பட்டுமா என்று அத்தான் கேட்டாராமே. வேண்டாம் என்று சொல். இங்கே நாய்க்கு வருஷ வரி உண்டு, கழுத்தில் வில்லை மாட்ட வேண்டும், இரண்டாவது நாய் வைத்தால் வரி இன்னும் கூடும். பாட்டி இப்போதே அது எத்தனை மணிக்குக் குரைக்கும் என்று விசாரிக்கிறார். 2005-ல் நம் நாயின் படம் போட்டுத் தபால்தலை வந்ததே, அத்தான் ஆல்பத்தில் இருக்கும். அதை அனுப்பச் சொல். அதற்கு வரி கிடையாது.

அன்புத் தம்பி