ஊரியும் உசாத்துணையும்

மட்டக்களப்பு வாவியில் பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்று ஒருவர் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லடிப் பாலத்தடியில் ஒலிப்பதிவுக் கருவியை இறக்கியாயிற்று, கட்டுரையும் எழுதியாயிற்று. அவரை மடக்கிப் பிடிக்கப்போவது கடைசிப் பக்கத்து உசாத்துணைப் பட்டியல். அதில் முதல் ஆளே வில்லங்கம். 1848இல் இங்கே வந்து, வாவியில் அந்த ஒலியைக் கேட்டு, 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலில் அதை எழுதிவைத்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். பிறந்தபோது அவர் வெறும் எமர்சன்தான். டெனன்ட் என்பது மனைவி வீட்டுப் பெயர், கல்யாணத்தோடு வந்து சேர்ந்தது. தாய்வழியாகக் குடி போகும் மட்டக்களப்பில் இதை ஒருவரும் அதிசயமாகப் பார்க்கமாட்டார்கள். உசாத்துணை மென்பொருள்தான் அவரை எமர்சன் வரிசையில் இருத்துவதா, டெனன்ட் வரிசையில் இருத்துவதா என்று திணறும். அடுத்தது இன்னும் மோசம். பாட்டு என்று வந்தபின் யாழ் நூலைத் தொடாமல் விட்டால் ஊர் பொறுக்காது. அதை எழுதியவர் காரைதீவுச் சாமித்தம்பியின் மகன் மயில்வாகனன். 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தர் ஆனார். மென்பொருளுக்குத் துறவு விளங்காது. கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று பிடித்துக்கொண்டு, 'சுவாமி'யை முதலெழுத்தாகச் சுருக்கி, 'விபுலானந்த, எஸ்.' என்று எழுதும். முன்பு தகப்பன் பெயருக்காக நின்றதும் அதே எஸ்தான். ஊரையும் உறவையும் பெயரையும் துறந்தவரிடமிருந்து அந்த ஓர் எழுத்தை மாத்திரம் பிரிக்கமுடியவில்லை.

இந்த விதிகள் வேதத்தில் இறங்கியவை அல்ல. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் ஹாவாட் முறையின் தொடக்கமாகக் காட்டப்படுவது எட்வர்ட் மார்க் என்ற விலங்கியலாளர் 1881இல் வெளியிட்ட கட்டுரை. அதன் பொருள் ஒரு தோட்டத்து நத்தை, அதுவும் ஓடில்லாத சாதி. வாவி ஒலியைப் பற்றி டெனன்ட் விசாரித்தபோது நம்முடைய மீனவர்கள் எடுத்துக் காட்டியதும் ஊரிதான். ஆக, இரண்டு கரையிலும் குற்றவாளி ஒரே இனம். வான்கூவர் முறை 1978இல் சில மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள் அந்த நகரத்தில் கூடிப் பேசியதில் பிறந்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை 1929இல் ஏழு பக்கம். இன்று அது நானூறு பக்கத்தைத் தாண்டிய புத்தகம். பதிப்பித்த நகரத்தின் பெயரைக் காலம்காலமாகக் கேட்டு வாங்கிய அந்தச் சங்கம், 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் அது தேவையில்லை என்று விட்டுவிட்டது. அதுவரை நகரம் எழுதாததற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகளுக்கு நட்டஈடு ஏதும் அறிவித்ததாகத் தெரியவில்லை. சொட்டேரோ என்ற இலவச மென்பொருளின் களஞ்சியத்தில் உள்ள பாணிகள் பத்தாயிரத்துக்கு மேல். உண்மைக்குப் பத்தாயிரம் உடுப்பு எதற்கு?

உசாத்துணையே வேண்டாம் என்கிறீரா என்று உடனே ஒருவர் பாய்வார். இல்லை. அது இல்லாமல் நாம் பட்ட பாடு தமிழில் பதிவாகியிருக்கிறது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரை அதிகம் அலைக்கழித்தவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவர் மேற்கோள்களை வாரி இறைப்பார். எந்த நூல், யார் பாடியது என்பதைப் பல இடங்களில் சொல்லவேமாட்டார், பிறரும் சொன்னார் என்பதோடு சரி. அந்தப் 'பிறர்' யார் என்று தேடிச் சுவடி சுவடியாகப் புரட்டியதில் ஐயரின் ஆயுள் போனது. நமக்குச் சங்க இலக்கியம் கிடைத்ததில் அந்தத் தேடலுக்கும் பங்குண்டு என்பதால் நச்சினார்க்கினியரை மன்னித்துவிடலாம். இதற்கு மாறானவர் சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்குநல்லார். தான் எந்தெந்த இசை, நாடக நூல்களைக் கொண்டு உரை எழுதினேன் என்று நூலின் பெயரையும் செய்தவர் பெயரையும் சொல்லிவைத்தார். அறிவனார் செய்த பஞ்சமரபு அவற்றில் ஒன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்து யாழை மீட்டெடுத்த விபுலானந்தர் 1947இல் மறைந்தபோது பஞ்சமரபு அச்சில் இல்லை. 1970களில் அது வெளிவந்தபோது, இது எது என்று யாரும் தலையைச் சொறியவில்லை. காற்புள்ளியும் சாய்வெழுத்தும் அறியாத ஓர் உசாத்துணை, பல நூற்றாண்டு கழித்தும் ஆளைச் சரியாக அடையாளம் காட்டியது. யார், எது என்ற இரண்டும் இருந்ததால் காட்டியது. இன்று அடியார்க்குநல்லார் தன் உரையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினால், ஆண்டும் பக்க எண்ணும் எங்கே என்று மறுநாளே திரும்பி வரும்.

புள்ளியில் கவனமாக இருப்பவன் பொருளிலும் கவனமாக இருப்பான் என்பது அடுத்த வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. எல்செவியர் பதிப்பு நிறுவனம் எழுத்தாளர்களுக்கான வழிகாட்டியில் ஒரு மாதிரி உசாத்துணை கொடுத்திருந்தது: வான் டெர் கீர் முதலானோர், விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை, 2000. தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். ஒரே குறை, அப்படியொரு கட்டுரையே கிடையாது. அது ஏறத்தாழ 400 இடங்களில் மேற்கோளாகியிருப்பதை 2017இல் எடுத்துக்காட்டினார்கள். மாதிரிப் படிவத்தில் கிடந்ததை அழிக்க மறந்தவர்களே பலர். நானூறு முறை அது படலையைக் கடந்து உள்ளே போனது, உடுப்பு சரியாக இருந்ததால்தான். 2003இல் சிம்கின், ரோய்சௌதுரி என்ற இருவர் இன்னொன்று செய்தார்கள். உசாத்துணைகளில் ஒரே எழுத்துப்பிழை எத்தனை பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணி, மேற்கோள் காட்டுபவர்களில் மூல நூலைப் படித்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மற்ற நால்வரும் அடுத்தவர் பட்டியலைப் பார்த்து எழுதியவர்கள். அவர்களுடைய முற்றுப்புள்ளிகளில் குறை சொல்ல என்ன இருக்கப்போகிறது?

ஒரு சஞ்சிகை முழுக்க ஒரே சீராக இருந்தால் வாசிப்பவருக்கு இலகு என்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏற்கப்படுமா என்றே தெரியாத கட்டுரைக்கு எதற்கு முன்கூட்டியே அந்த அலங்காரம்? ஒரு சஞ்சிகை நிராகரித்தால் சாய்வெழுத்தை நிமிர்த்தி, நிமிர்ந்ததைச் சாய்த்து அடுத்ததற்கு அனுப்பவேண்டும். இந்த வடிவமைப்பு வேலைக்கு ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு 52 மணித்தியாலம் செலவிடுகிறார் என்று 2019இல் வந்த ஒரு கருத்தாய்வு கணக்கிட்டது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பகல் முழுவதும் விரிவுரை செய்துவிட்டு இரவில் எழுத உட்காரும் ஒருவருக்கு அது சின்னக் கணக்கல்ல. முதல் அனுப்புகையில் எந்த வடிவமும் சரி என்று எல்செவியரே 2011இல் சில சஞ்சிகைகளில் தொடங்கிவைத்தது. கட்டுரை ஒவ்வொன்றுக்கும் நிரந்தர இலக்கம் கொடுக்கும் ஏற்பாடு 2000ஆம் ஆண்டிலிருந்தே நடக்கிறது. அந்த இலக்கம் ஒன்று கையில் இருந்தால் மிச்சத்தைக் கணினியே இட்டு நிரப்பிவிடும். டெனன்ட், விபுலானந்தர் காலத்து நூல்களுக்கெல்லாம் அப்படி இலக்கம் இருக்கும் என்று சொல்லமுடியாது என்பது மெய்தான். அவர்களுக்குப் பெயரையும் நூலையும் மனிதர் எழுதட்டும், அந்த 'எஸ்'ஸை ஒருமுறை கையால் அழிக்கட்டும். காற்புள்ளி வைக்கும் வேலையை, கட்டுரை வெளியிட ஆயிரக்கணக்கில் டொலர் அறவிடும் சஞ்சிகைகள் தங்கள் செலவில் செய்துகொள்ளலாம்.