டுரியானுக்கு அபராதம் இல்லை

நான் சிங்கப்பூர்க்காரன் என்று தெரிந்ததும் எந்த ஊர்க்காரரும் முதலில் கேட்பது சூயிங்கம் பற்றித்தான். மதுரையில் ஆட்டோ ஓட்டுநர் கேட்டார். லண்டனில் ஒரு பேராசிரியர் கேட்டார். "மென்றால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களாமே?" மெல்லுவது குற்றமில்லை ஐயா, விற்பதும் இறக்குமதி செய்வதும்தான் குற்றம், 1992-ல் தடை வந்தது, 2004-ல் கொஞ்சம் தளர்த்தி, மருத்துவ குணமுள்ள வகையை மட்டும் மருந்தாளரிடமும் பல் மருத்துவரிடமும் வாங்க வழி செய்தார்கள் என்று தூதரக அதிகாரியின் பொறுமையோடு விளக்குவேன். கேட்டவர் முகம் வாடிவிடும். பிரம்படிக் கதையை எதிர்பார்த்து வந்தவர், பாவம்.

சமாளித்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் போடுவார்: "அப்படிப்பட்ட ஊரில் உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?"

இதற்கு எங்களிடம் தயார் நிலையில் ஒரு பதில் உண்டு. சாப்பாடு, பாதுகாப்பு, சுத்தம். எந்தச் சிங்கப்பூரரை நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் இதே வரிசையில் சொல்வார், சாப்பாடு முதலில் வரும். பொய்யில்லை. ஆனால் விமானத்தில் முன்சீட்டின் முதுகில் செருகி வைத்திருக்கும் இதழிலும் இதுதான் இருக்கிறது. அதைச் சொல்ல நான் எதற்கு?

எனக்குப் பிடித்தவை எல்லாம் சட்டப் புத்தகத்தில் இல்லாதவை. உலகமே எங்களை அபராத நாடு என்கிறது. அபராதங்களை வரிசையாக அச்சடித்த டி-சட்டையைச் சுற்றுலாக் கடைகளில் நாங்களே விற்றுக் காசு பார்க்கிறோம். அந்த நாட்டில் அபராதமே இல்லாத இடங்களைத்தான் நான் தேடித் தேடி ரசிக்கிறேன்.

எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பலகையைப் பாருங்கள். புகைபிடித்தால் 1,000 வெள்ளி. தின்றாலோ குடித்தாலோ 500 வெள்ளி. தீப்பற்றும் பொருளைக் கொண்டுவந்தால் 5,000 வெள்ளி. கடைசியாக டுரியான் படம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே தொகை எதுவும் இல்லை. டுரியான் கூடாது, அவ்வளவுதான்.

தொகை போட ஏன் மறந்தார்கள் என்று சிறுவயதில் யோசித்திருக்கிறேன். இந்த நாட்டில் அபராதத் தொகையை யாரும் மறக்க மாட்டார்கள் என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. குளிரூட்டிய பெட்டியில் டுரியானோடு ஏறுகிறவரை ஒரு சீன ஆண்ட்டியும் ஒரு மலாய் மக்சிக்கும் நம் ஊர்ப் பாட்டி ஒருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வையை வெள்ளிக் கணக்கில் அச்சடிக்க முடியாது. அதற்காக அவர்களுக்கு டுரியான் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த நிலையத்தில் இறங்கியதும் மூவரும் கேட்கப்போவது ஒன்றைத்தான்: "கிலோ என்ன விலைக்கு வாங்கினே?"

நான் வளர்ந்தது தோ பாயோவில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில். மக்களில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டினர் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள் என்பதால் இதில் தனிப்பெருமை ஒன்றும் கிடையாது. எங்கள் வீடு ஏழாம் மாடி. அந்தக் காலத்துப் பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. எங்களுக்கு வாய்த்தது ஒன்று, ஐந்து, ஒன்பது. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவதா, ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்குவதா என்பது எங்கள் வீட்டின் நிரந்தர அரசியல் பிரச்சினை. அப்பா ஒன்பதாம் மாடிக் கட்சி. அம்மா ஐந்தாம் மாடிக் கட்சி. காரணம், அங்கிருந்த சீன ஆண்ட்டி தன் வாசலில் ஒரு மர முக்காலி போட்டு வைத்திருந்தார். அம்மா காய்கறிப் பையோடு அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது சந்தை மலாய். அதில் மீன் விலையையும் பிள்ளைகளின் பரீட்சை மதிப்பெண்ணையும் தாண்டிப் பேச வழியில்லை. அதை மட்டுமே வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காகப் பேசினார்கள். நடைபாதையில் முக்காலி போடச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. போடக்கூடாது என்று வேண்டுமானால் வந்திருக்கும்.

சட்டம் அந்த மின்தூக்கிக்குள்ளும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலர் அதைக் கழிப்பறையாகப் பயன்படுத்தியதால் 1980-களில் சிறுநீரைக் கண்டுபிடிக்கும் கருவி பொருத்தினார்கள். தரையில் ஈரம் பட்டால் மணி அடிக்கும், கதவு திறக்காது, ஆள் வந்து மீட்கும் வரை குற்றவாளி தன் தடயத்தோடு உள்ளேயே நிற்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பள்ளிக்கூடத் தண்ணீர்ப் புட்டியைக் குழந்தையைப் போல இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறிய தலைமுறை எங்களுடையது. சொட்டியது வெறும் தண்ணீர்தான் என்று இயந்திரத்திடம் எந்த மொழியில் வாதாடுவது?

சட்டம் இல்லாத இடத்தில் இயக்கம் இருக்கும். கண்ணியமாக நடந்துகொள்ளச் சொல்லி 1979-ல் ஒரு தேசிய இயக்கம் தொடங்கினார்கள். 1982-ல் சிங்கா என்ற சிங்கம் அதன் சின்னமாக வந்தது. சுவரெல்லாம் நின்று புன்னகைத்து, நன்றி சொல், வழிவிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 2013-ல் அந்தச் சிங்கம் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். கோபக்கார மக்களைக் கண்டு களைத்துவிட்டேன் என்று பகிரங்கக் கடிதம். விளம்பர உத்தி என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் ஒரு பொம்மையைப் பதவி விலகும் அளவுக்குக் கொண்டுபோன குடிமக்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

சட்டமும் இயக்கமும் இருக்கட்டும். நான் சொல்லவந்தது டிஷ்யூ பொட்டலம்.

மன்னார்குடியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். மதியம் பன்னிரண்டரை மணிக்கு, அலுவலகங்கள் நிறைந்த ஷென்டன் வே பக்கம் ஓர் உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துப்போனேன். இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு போனேன். உள்ளே பாதி மேசைகள் காலி. உட்காரத்தான் இடமில்லை. ஒரு மேசையில் குடை. இன்னொன்றில் யாருடைய அலுவலக அட்டையோ, புகைப்படத்திலிருந்து சிரித்துக்கொண்டிருந்தது. மற்றவற்றில் எல்லாம் ஆளுக்கொரு டிஷ்யூ பொட்டலம்.

நான் வரிசையில் நின்று திரும்பிப் பார்ப்பதற்குள் சித்தப்பா ஒரு மேசையில் அமர்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"சித்தப்பா, எழுந்திருங்க. இங்க ஆள் இருக்கு."

அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "எங்கடா ஆளு?"

"நீங்க கையில வச்சிருக்கீங்களே, அதுதான்."

"இதை யாரோ மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்க தம்பி. ஒண்ணுதான் எடுத்தேன். மிச்சத்தைக் கடைக்காரர்கிட்ட குடுத்துட்டாப் போச்சு."

"மறந்துட்டுப் போகல. சோப் பண்ணியிருக்காங்க."

"சோப்பா? காகிதம்ல இருக்கு?"

இதற்குள் பொட்டலத்தின் சொந்தக்காரி மீ சியாம் தட்டோடு வந்துவிட்டார். பிரிந்து கிடந்த பொட்டலத்தைப் பார்த்தார், சித்தப்பாவின் கழுத்தைப் பார்த்தார். "பரவாயில்ல அங்கிள், உட்காருங்க, நாலு பேர் மேசைதானே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். இன்னொரு தாளையும் உருவி அவர் பக்கம் நீட்டினார்.

சித்தப்பாவுக்கு விளக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நம்ம ஊர்ல பஸ் வந்து நின்னதும் ஜன்னல் வழியா சீட்டுல துண்டு போடுவீங்கல்ல?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, துண்டு போடுறதா! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" உடனே துறை வல்லுநராகிக் குறுக்கு விசாரணையில் இறங்கினார். யாராவது எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால்? உட்கார மாட்டார்கள். சண்டை வருமா? வராது. போலீஸ் வருமா? எதற்கு வர வேண்டும், இதற்குச் சட்டமே கிடையாதே. சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. மன்னார்குடி பேருந்து நிலையத்தில் துண்டு போட்ட பிறகுதான் வழக்கே ஆரம்பிக்கும்.

மறுநாளிலிருந்து டிஷ்யூவெல்லாம் வேண்டாம் என்று தன் சொந்தத் துண்டையே மேசையில் விரித்துவிட்டு வரிசைக்கு வந்தார். நான்கு பேர் மேசையை முழுதாக மூடிய ஈரிழைத் துண்டு. ஒருவரும் தொடவில்லை. அதைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மெரினா பே கட்டடங்களை எடுத்த படங்களுக்குக் கிடைத்ததைவிட இதற்குத்தான் பதில்கள் அதிகம்.

இதை நான் பெரிய பண்பாடு என்று தூக்கிப் பிடிக்கவில்லை. சூடான சூப்போடு ஒரு முதியவர் நின்றுகொண்டிருக்க, காலி நாற்காலியில் காகிதத்தை உட்கார வைப்பது அசிங்கமான பழக்கம்தான். வாசகர் கடிதங்களில் இதைத் திட்டி எழுதுகிறவர்கள் சொல்வதெல்லாம் நியாயம். என்னை வியக்க வைப்பது மறுபாதி. இடம் பிடிக்கிறவர் சுயநலக்காரர். பசியோடு வந்தும் அந்த அற்பக் காகிதத்தைத் தொடாமல் கடந்துபோகிறவர் தருமவான். நேற்று பிடித்தவர்தான் இன்று கடந்துபோகிறார். இரண்டு வேலையும் அதே ஆசாமிக்கு.

எழுதாத சட்டங்கள் கோப்பிக்கடையிலும் உண்டு. கோப்பி என்றால் கட்டிப்பால் விட்டது, கோப்பி ஓ என்றால் பால் இல்லாதது, கோசோங் என்றால் சீனி கிடையாது, பெங் என்றால் ஐஸ் போட்டது. சோயாப் பாலில் கறுப்புப் புல் ஜெல்லி மிதந்தால் அதற்கு மைக்கேல் ஜாக்சன் என்று பெயர். இதை எல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை, ஆனால் தேர்வு தினமும் உண்டு. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது "அதாவது, கொஞ்சம் சீனி கம்மியாக..." என்று இழுத்தீர்களானால் முடிந்தது. கடைக்கார அங்கிள் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். ஒரு மேசைக்கு ஆறு பேர் ஆறு விதமாகக் கேட்டாலும் சரியாகக் கொண்டுவந்து வைப்பார். ஆறாம் ஆள் நடுவில் மனம் மாறினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கு வருவோம். தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த இடம் அது. மலாய்க் கல்யாணமும் சீன இழவும் அங்கேதான் நடக்கும். அனுமதி வாங்கவேண்டும், கட்டணம் உண்டு, அதெல்லாம் சரி. எங்கள் பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டும் பக்கத்துப் பக்கத்து புளோக்கில் வந்துவிட்டன. கொம்பாங் மேளம் அடித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை ஊர்வலம், துக்க வீட்டுப் பந்தலைக் கடக்கும்வரை கொட்டுவதை நிறுத்திவிட்டு நடந்தது. கடந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. அனுமதிப் படிவத்தில் அதற்கென்று எந்த விதியும் இல்லை.

நாங்கள் குறை சொல்வதில் மன்னர்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. நாடு மொத்தமே 730 சதுர கிலோமீட்டர் சொச்சம். சென்னைப் பெருநகரப் பகுதியைவிடச் சிறியது. கிழக்கே இருக்கும் தெம்பனிஸ்வாசியை மேற்கே ஜூரோங்கில் ஒரு விருந்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். "அவ்வளவு தூரமா?" என்பார். வந்தாரானால் கையில் புத்தகம், தோளில் குளிருக்குச் சட்டை, முகத்தில் கடல்கடந்தவரின் களைப்பு.

எழுதாதது எழுதியதாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வையுங்கள் என்று ஆண்டுக்கணக்காகச் சுவரொட்டி ஒட்டிக் கெஞ்சினார்கள். எங்களில் சிலர் வைத்தோம், பலர் வைக்கவில்லை. 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் அது கட்டாயமானது: முதல் முறை எழுத்து மூலம் எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி. இப்போது எல்லாரும் வைக்கிறோம். மேசைகள் பளபளக்கின்றன. புறா, மைனாக்களின் மதிய விருந்து போயிற்று. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் முன்பெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர் முகத்தில் 'யாரும் சொல்லாமலே செய்கிறேன் பார்த்தாயா' என்று ஒரு சின்ன கர்வம் இருக்கும். அது 300 வெள்ளிக்கு ஏலம் போய்விட்டது.

ஆகவே இதைப் படிக்கும் அரசாங்க அதிகாரி யாராவது இருந்தால், கைகூப்பி ஒரு விண்ணப்பம். கார் வைத்திருக்கும் உரிமையை 1990-லிருந்து ஏலம் விடுகிறீர்கள். 2023-ல் அந்த உரிமைச் சான்றிதழின் விலை மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது, கார் தனி. அதையும் பொறுத்துக்கொண்டோம். டிஷ்யூ பொட்டலத்தை மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிடுங்கள். தடையும் வேண்டாம், உரிமமும் வேண்டாம், மேசைக்கு மாதாந்தர ஏலமும் வேண்டாம். ஏலம் என்று அறிவித்தால் நாங்கள் போராட மாட்டோம். முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்று பணத்தைக் கட்டிவிடுவோம், அதுதான் எனக்குப் பயம்.