ஒரு நூல் முன்னே பின்னே

புதுச்சேரியின் பழைய நகரத்துத் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. நூல் பிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1693இல் ஊரைப் பிடித்து 1699இல் திருப்பிக் கொடுத்த டச்சுக்காரர்களின் திட்டம் அது என்று, பழைய வரைபடங்களைத் தோண்டி எழுதினார் ஆய்வாளர் ழான் தெலோஷ். யார் போட்டால் என்ன? நேரு வீதி கிழமேற்கு, மிஷன் வீதி தென்வடல், நடுவில் சதுரம் சதுரமாக வீடுகள். இப்படிக் கட்டம் போட்ட ஊரில் பிறந்ததால்தான் தன் கணவருக்குப் புத்தியும் கட்டம் கட்டமாக வேலை செய்கிறது என்பது லாசுப்பேட்டை நண்பரின் மனைவி கண்டுபிடித்த உண்மை.

நண்பருக்கு ஐம்பது வயது. கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது தொழில். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் சரியாக வராவிட்டால் சோறு இறங்காது. அவர் வீட்டு கேட்டைக் கடல்காற்று தின்று தீர்த்துவிட்டது. புது கேட்டில் சிக்குக் கோலம் வரவேண்டும் என்றார் மனைவி. தொழிற்பேட்டையில் லேசரில் தகடு வெட்டித் தரும் பட்டறை ஒன்று சொன்ன விலையைக் கேட்டதும் நண்பர் ஒரு கணக்குப் போட்டார். “இதே காசுக்குக் கூடக் கொஞ்சம் போட்டால் வெட்டுற மெஷினையே செஞ்சிடலாமே!” அந்தக் “கொஞ்சம்” எவ்வளவு என்பதை, ஊர்க்காரர்களுக்கெல்லாம் கணக்கு எழுதும் அவர் இன்றுவரை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

மெஷின் என்றால் கம்ப்யூட்டர் சொல்படி நடக்கும் பிளாஸ்மா மேசை. மனைவிக்கு அவர் ஊரை வைத்தே விளக்கினார். ஆட்டோக்காரரிடம் ‘நேரு வீதியில் நாற்பதடி கிழக்கே போ, மிஷன் வீதியில் இருபதடி வடக்கே போ’ என்று சொல்வதுபோல, கம்ப்யூட்டர் எக்ஸ் பக்கம் இவ்வளவு, ஒய் பக்கம் இவ்வளவு என்று வரி வரியாகச் சொல்லும். ஆட்டோவுக்குப் பதில் மேசைமேல் ஒரு டார்ச் ஓடும். போகிற வழியெல்லாம் இரும்பை உருக்கிக்கொண்டே போகும்.

“ஆட்டோக்காரரே சொன்ன எடத்துல நிறுத்தமாட்டார். இது நிறுத்துமாங்க?” என்று கேட்டார் மனைவி. அடுத்த எட்டு மாதத்தின் கதை முழுக்க அந்தக் கேள்விக்குள் இருந்தது.

ஒல்லியான துவாரம் வழியே காற்றை அழுத்தத்தில் தள்ளி, அதற்குள் மின்வில்லைச் செலுத்தினால் காற்று அயனியாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அதுதான் பிளாஸ்மா. அதன் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500தான். கத்திரி வெயிலுக்கே நாலு மணிக்குமேல் வெளியே வரும் மனிதர், சூரியனைவிட நாலு மடங்கு சூட்டை வீட்டுக் கொட்டகையில் வளர்க்கப் புறப்பட்டார்.

இந்த வித்தைக்கும் புதுச்சேரிக்கும் வருஷக் கணக்கில் ஒரு ஒட்டுறவு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. ஊர் யாருடையது என்று காகிதத்தில் தீராமல் கிடந்த அந்த எட்டு வருஷத்துக்குள்தான், 1957இல், அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் பிளாஸ்மா டார்ச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். எண்களைச் சொல்லி எந்திரத்தை ஓட்டும் முறையை எம்.ஐ.டி. 1952லேயே துளையிட்ட காகித நாடாவால் செய்துகாட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்த மேசை ரொம்ப காலம் பெரிய தொழிற்சாலைகளின் சொத்து. 2009இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்செத் ‘ஜிஆர்பிஎல்’ என்ற நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அது ‘ஆர்டுயினோ ஊனோ’ என்னும் உள்ளங்கை அகலப் பலகையின் 32 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூவுக்குக்கூட அந்த இடம் பத்தாது.

ஆக, மூளை மலிவாகக் கிடைத்துவிட்டது. உடம்பு செய்ய மேஸ்திரியிடம் போனபோதுதான் சிக்கல் பிடித்தது.

மீட்டரைப் பெற்றெடுத்த நாடு பிரான்ஸ். 1795லேயே சட்டம் போட்டது. அந்த நாடு ஆண்ட ஊரில், எந்த வெல்டிங் பட்டறையில் நின்று மில்லிமீட்டர் என்றாலும் நம்மை வெளியூர்க்காரராகத்தான் பார்ப்பார்கள். பட்டறையின் பாஷை அடி, இன்ச், நூல். எட்டு நூல் ஒரு இன்ச். அதாவது ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். தகட்டின் கனத்துக்கோ தனியாக ஒரு பாஷை. “14 கேஜ் போதும் சார்” என்று மேஸ்திரி சொன்னதும், நண்பர் 14 மில்லிமீட்டர் என்று எண்ணிப் பதறிவிட்டார். 14 கேஜ் என்றால் இரண்டு மில்லிமீட்டர்தான். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். கணக்கெழுதும் மனிதரால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை.

நண்பர் கொடுத்த வரைபடத்தில் சட்டம் 1200க்கு 1200 மில்லிமீட்டர். மேஸ்திரி அதை ஒரு பார்வை பார்த்தார். “நாலுக்கு நாலு. சரிங்க சார்.” நாலடி என்பது 1219.2 மில்லிமீட்டர். சட்டம் வந்து இறங்கியபோது, 1200க்கு வாங்கி வைத்திருந்த தண்டவாளம் இரண்டு பக்கமும் எட்டாமல் அந்தரத்தில் நின்றது.

“பத்தொன்பது மில்லிமீட்டர் கூட இருக்கு!” என்று அலறினார் நண்பர்.

மேஸ்திரி டேப்பைப் பிடித்துப் பார்த்தார். “ஆறு நூல்தான சார்.”

அவர் குரலில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. ஆறு நூலுக்கு ஆறு துண்டுப் பட்டை வைத்து, மாலைக்குள் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நண்பரின் துல்லியம் வேறு ரகம். அவர் வாங்கிய மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். மின்னணு டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாக உடைத்து 1600 ஆக்கும். பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பெல்ட் 40 மில்லிமீட்டர் ஓடும். ஆகவே ஒரு படி 0.025 மில்லிமீட்டர். ஒரு நூலுக்குள் 127 படி! மீதமில்லாமல் வகுபட்ட அன்று அவர் கேசரி கிண்டச் சொன்னார். கேசரி ஆறுவதற்குள் முதல் வெட்டு முடிந்தது. பிளாஸ்மா ஜுவாலைக்கே ஒரு பருமன் உண்டு. போகிற வழியில் ஒன்றரை மில்லிமீட்டர் இரும்பை அது தின்றுவிடும். “அரை நூல் போயிடுச்சே சார்” என்றார் மேஸ்திரி, கேசரியை வாயில் போட்டுக்கொண்டே. அந்த அரை நூலில் பாதியைக் கோட்டுக்கு வெளியே தள்ளி டார்ச்சை ஓட்டும்படி நிரலுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் ஆனது.

அடுத்து வந்தது பேய். மலிவான கட்டர்களில் முதல் பொறியை எழுப்ப உயர் அதிர்வெண் மின்சாரம் பாயும். அது கம்பியோடு நிற்காது. பக்கத்து ஒயரெல்லாம் ஏறி உட்காரும். டார்ச் பற்றியதும் கம்ப்யூட்டர் திரையில், மேசை ஓரத்துச் சுவிட்சில் முட்டிவிட்டதாக அறிவிப்பு வந்தது. டார்ச்சோ மேசைக்கு நட்டநடுவில் நின்றது. எதிலும் முட்டாமலே முட்டிவிட்டேன் என்று மணிக்கு இருபது முறை புகார் சொல்லும் எந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று வாரம் நிரலில் பூச்சி தேடினார் நண்பர். மேஸ்திரி கொட்டகைக்கு வெளியே ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, “எர்த் எங்க சார்?” என்றார்.

குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மோட்டார் கம்பிகளுக்கு வலையுறை மாட்டியதும் பேய் ஓடிவிட்டது. எர்த் குழி காய்ந்தால் மறுபடி வரும். அதனால் அந்த வீட்டில் காலையில் துளசிக்கு ஒரு செம்பு, குழிக்கு ஒரு குடம்.

தண்ணீரால் வேறு தொல்லையும் உண்டு. கடலோர ஊரின் காற்றைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது டேங்க் அடியில் தண்ணீர் சேரும். அதைத் தினமும் திறந்துவிடாவிட்டால் ஈரம் டார்ச்சுக்குள் போய் நாசிலையும் எலெக்ட்ரோடையும் அரித்துவிடும். எலெக்ட்ரோடு நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒரு பொட்டளவு பதித்திருக்கும். பொட்டு அழிந்தால் சுமங்கலித்தனம் போச்சு, புதிது வாங்கவேண்டும்.

மேசைக்குக் கீழே புகையையும் பொறியையும் விழுங்க ஒரு தண்ணீர்த் தொட்டி. மழைக்காலத்தில் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வந்த பெண், டார்ச்சைப் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தார். நண்பர் எண்முறைக் கட்டுப்பாட்டின் வரலாற்றைப் பத்து நிமிஷம் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “வாரத்துக்கு ஒருதரம் காலி பண்ணி, தேய்ச்சுக் காயவச்சிடுங்க சார்.”

கடைசியில் கோலம். 1-3-5-3-1, பதின்மூன்று புள்ளி. மனைவி நோட்டில் போட்டதைப் படமெடுத்துக் கோடாக மாற்றி, பொத்தானை அமுக்கினார் நண்பர். சீறிக்கொண்டு ஓடியது டார்ச். ஒரு வளைவு பிசகவில்லை. சிக்குக் கோலத்தின் அழகே கோடு எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வதுதான். டார்ச்சும் வந்து சேர்ந்தது. சேர்ந்த நொடியில், கோட்டுக்குள் இருந்த துண்டெல்லாம் புள்ளிகளோடு தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. தகட்டில் மிச்சமிருந்தது நெளிநெளியான விளிம்போடு ஒரு பெரிய ஓட்டை.

“கோட்ட வெட்டுனா கோலம் எப்படி சார் நிக்கும்?” என்றார் மேஸ்திரி. “கோட்ட உட்டுட்டு மீதிய வெட்டுங்க.”

மறுநாள் கோட்டை ஒரு இன்ச் பட்டையாக விட்டு, இடைவெளிகளை மட்டும் வெட்டினார்கள். கோலம் தகட்டில் நின்றது. மனைவி கொட்டகைக்கு வந்து பார்த்தார். “புள்ளி எங்கங்க?” புள்ளி அந்தரத்தில் நிற்காதே! மேஸ்திரி பதின்மூன்று வட்டங்களைத் தொட்டியிலிருந்து பொறுக்கி, பின்பக்கம் மெல்லிய கம்பி கொடுத்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். மெஷின் வெட்ட எடுத்த நேரத்தைவிட அதற்கு நாலு மடங்கு ஆனது.

இப்படி ஒரு மேசை செய்யக் கை துறுதுறுப்பவர்கள் இருந்தால்: முதலில் எர்த் குழி, பிறகு மற்றது. கருப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நொடியும் ஜுவாலையைப் பார்க்கவேண்டாம். துத்தநாகம் பூசிய தகட்டின் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல் வரலாம். அலுமினியத்தைத் தண்ணீர்த் தொட்டிமேல் வெட்டினால் ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கக்கூடும். வரைபடம் தரும்போது அளவைப் பட்டறை பாஷையிலும் எழுதிக் கொடுங்கள்.

கேட்டை மாட்டியாகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். திறக்கும்போது தரையில் ஒரு நூல் உரசுகிறது. ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி கிரைண்டரோடு வருகிறார்.