ஸ்லாட்டு மகாராஜாவின் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! மடிக்கணினியின் விளிம்பில், கீறல் அகலமே உள்ள அரண்மனையில் வீற்றிருந்து ஆட்சி புரிந்தருளும் மெமரி கார்டு ஸ்லாட்டு மகாராஜா அவர்களே! கண்ட கார்டு கொண்டு, கொண்ட கார்டு காட்டாத பெருமானே! தங்கள் புகழை எந்நாவால் பாடுவேன்!

நேற்று மாலை வரை கேட்ட படத்தையெல்லாம் வாரி வழங்கிய திருக்கரம், இன்று காலை மூடிக்கொண்டது. பிரிண்டர் போன்ற அற்பப் பிறவிகள் கோளாறு என்றால் விளக்கைச் சிமிட்டி ஊரைக் கூட்டும். தாங்களோ மௌனகுரு. கார்டைச் செருகினால் ஓசையில்லை, அறிவிப்பில்லை, திரையில் புதிதாக ஓர் எழுத்தும் இல்லை. பழி கார்டுக்கா, கேமராவுக்கா, தங்களுக்கா என்று பிரஜைகள் ஆராய்ந்து அறிவு பெறட்டும் என்ற கருணையன்றி இது வேறென்ன?

தங்கள் துயிலோ திருமாலின் அறிதுயிலுக்கு நிகர். பேட்டரியைக் காக்கும் உத்தம நோக்கத்தோடு உறங்கியவர் எழ மறந்தால், டிவைஸ் மேனேஜருக்குள் நுழைந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தங்களை அணைக்கலாம் என்ற டிக்கை நீக்க வேண்டும். திருநாமமே பட்டியலில் காணோம் என்றால் பாக்கியம் இரட்டிப்பு: மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கித் தெரியும் டிரைவரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து தவமிருக்கலாம். அதற்கும் இரங்காவிட்டால், கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து வழிபடலாம். சில அரண்மனைகளில் பயாஸுக்குள்ளும் ஒரு வாயிற்கதவு உண்டு. அதையும் தட்டாமல் தரிசனம் கிடையாது.

திருவாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர்களே உண்மையில் பேறு பெற்றவர்கள். ஒன்பது சின்னஞ்சிறு தொடுகம்பிகள்; ஓரத்தில், கார்டு வந்துவிட்டது என்று சேதி சொல்ல ஒரு மெல்லிய தகடு. அந்தத் தகடு சற்றே வளைந்தால், உள்ளே இருக்கும் கார்டு இல்லாததாகிவிடும். இத்தனை விலை கொடுத்து வாங்கிய கணினியின் மானத்தை அந்தத் தகட்டின் மேல் நிறுத்திய சிற்பியின் சிக்கனத்தை வணங்குகிறேன். பல மாடல்களில் தங்களை மதர்போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள். அரசர் ஒருவருக்குப் பல் ஆடினால் நகரத்தையே இடித்துக் கட்டுவது அல்லவா ராஜ மரியாதை!

எஸ்டி கார்டின் இடப்பக்கப் பூட்டு, மின்தொடர்பே இல்லாத வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதன் நிலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் தாங்களே. திறந்த பூட்டையும் பூட்டியது என்று தீர்ப்பளிக்கும் தங்கள் நீதிக்கு மேல்முறையீடு ஏது?

2016-ல் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ப்ரோவிலிருந்து தங்கள் குலத்தையே நாடு கடத்தி, 2021-ல் திரும்ப அழைத்துப் பட்டம் கட்டியது. இருந்துகொண்டே இல்லாமலிருக்கும் தங்கள் கலையைக் கண்டிருந்தால் அந்தச் சிரமமே பட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது தாங்கள் அருளும் ஞானோபதேசம். எப்போதாவது அரைக்கண் திறந்தால், ஃபார்மேட் செய், பிறகு பார்க்கலாம் என்கிறீர்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாளா, தங்கையின் தாலிகட்டா, எல்லாம் மாயை என்று ஒரே சொடுக்கில் துறக்கச் சொல்லும் துறவு மனம் வேறு எந்த இயந்திரத்துக்கு வாய்க்கும்?

சில நூறு ரூபாய் யூ.எஸ்.பி. கார்டு ரீடர் ஒன்று இருக்கிறது. தாங்கள் மறுதலித்த அதே கார்டை அதில் செருகியதும், அத்தனை படத்தையும் கொட்டிவிடுகிறது. தர்பார் நாகரிகம் தெரியாத பயல்!

ஆகவே அன்பர்களே, மகாராஜா ஃபார்மேட் கேட்டால் மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள். கார்டை மெல்ல வெளியே எடுத்து அந்தப் பயலிடம் கொடுங்கள். படங்களை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். மகாராஜாவின் துயிலை மேலும் கலைக்க வேண்டாம்.