பத்தாயிரம் வாட்ஸ் பெட்டியும் பாவம் நம் காதும்

கேள்வி: புது ஸ்பீக்கர் அட்டையில் ‘10,000 வாட்ஸ்’ என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டு ஃபியூஸ் தாங்குமா? (அருப்புக்கோட்டை வாசகர்)

பதில்: தாராளமாகத் தாங்கும். நிஜமாகவே 10,000 வாட்ஸ் இழுத்தால் 230 வோல்ட்டில் 43 ஆம்பியர் ஓட வேண்டும். அந்த மெல்லிய ஒயரும் இரண்டு பின் பிளக்கும் முதல் பாட்டிலேயே உருகியிருக்கும். அட்டையில் இருப்பது பி.எம்.பி.ஓ. என்ற எண். இமைப்பொழுது உச்சத்தைச் சொல்வதாகப் பெயர். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. லேபிள் அச்சடிக்கிற சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு லேபிளை நம்பலாமா? பெட்டியைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும் மின்செலவைப் படியுங்கள். அங்கே 40 வாட்ஸ் என்றிருந்தால், அதற்கு மேல் தொடர்ந்து ஒலி தர அந்தப் பெட்டிக்கு வழியில்லை. வாங்கும்போது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணைக் கேளுங்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க, ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

கேள்வி: தீபாவளி போனஸில் ஹோம் தியேட்டர் வாங்கினோம். கடையில் கேட்டபோது சிலிர்த்தது. வீட்டில் அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது. பெட்டியை மாற்றிவிட்டார்களா? (சிவகாசி வாசகி)

பதில்: பெட்டி அதேதான், கேட்கும் நேரம்தான் வேறு. கடையில் இரண்டு நிமிடம் கேட்டு முடிவெடுக்கிறோம். அந்த இரண்டு நிமிடத்தில் மனதைப் பிடிக்க பேஸும் ட்ரெபிளும் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்துப் பெட்டியைவிடத் துளி சத்தம் கூடுதலாக வைத்தாலே போதும், அதுதான் உசத்தி என்று காது சொல்லிவிடும்.

பெல் ஆய்வகத்தில் ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் காதின் போக்கை அளந்து 1933-ல் வெளியிட்டார்கள். நம் காது எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை அதற்குக் கூர்மை அதிகம்; காதுக்குழாயின் நீளமே அந்தப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது. குழந்தையின் வீறிடல் உறைப்பதும், மேல்சுருதியைத் தரும் ட்வீட்டர் மலிவாக இருந்தால் ‘ஸ’வும் ‘ச’வும் ஊசியாய்க் குத்துவதும் அங்கேயும் அதற்குச் சற்று மேலேயும்தான். டோன் பட்டன்கள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துங்கள். வீட்டில் பேசிக்கொள்ளும் அளவு சத்தத்தில், மனப்பாடமான ஒரு பாட்டை முழுசாகப் போடுங்கள். அப்போதும் குத்தினால் குறை பெட்டியில்தான். பில்லோடு கடைக்குப் போகலாம்.

கேள்வி: காசை அள்ளிக் கொடுத்து வாங்கினால் ஏமாற்றமே வராதா? (ராஜபாளையம் வாசகர்)

பதில்: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த அமர் போஸுக்கே வந்தது. அவருடைய தந்தை வங்காளத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்து, தப்பி அமெரிக்கா போனவர். மகனுக்குச் சிறுவயதிலிருந்தே வயலின் பழக்கம். 1956-ல், காகிதத்தில் போட்டிருந்த அளவுகளையெல்லாம் பார்த்து, உயர்ந்ததென்று ஒரு ஸ்டீரியோ வாங்கினார். வயலின் இசையைப் போட்டால், அது வயலின் மாதிரியே இல்லை. அளவு சரியாக இருந்தும் காதுக்கு ஏன் பொய்யாகப் படுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கச்சேரி அரங்கில் நம்மை வந்து சேரும் ஒலியில் பெரும்பகுதி சுவரில் பட்டுத் திரும்புவது என்பதைப் பிடித்துக்கொண்டார். 1964-ல் போஸ் என்ற தன் பெயரிலேயே ஸ்பீக்கர் நிறுவனம் தொடங்கி, 1968-ல் 901 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் ஒன்பது ஸ்பீக்கர். எட்டு சுவரைப் பார்த்தும் ஒன்று மட்டும் கேட்பவரைப் பார்த்தும் இருந்தன. அந்த வடிவத்தைப் பற்றி இசைப்பிரியர்களுக்குள் இன்றும் சண்டை உண்டு. ஆனாலும் வயலின் எப்படி இருக்கும் என்று தெரிந்த காதை நம்பி அவர் தேடத் தொடங்கியதுதான் பெரிய விஷயம். கடைக்குப் போகும்போது நாதஸ்வரமோ வயலினோ நேரில் கேட்டுப் பழகிய ஒருவரைக் கூட்டிப் போவது எந்த லேபிளைவிடவும் உதவும்.

கேள்வி: ஓட்டு வீட்டில் இதமாகப் பாடிய பெட்டி, புதுசாகக் கட்டிய காங்கிரீட் வீட்டில் இரைகிறதே? (விருதுநகர் வாசகர்)

பதில்: ஹால் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ‘டப்’ என்று முடியாமல் ‘டங்ங்’ என்று இழுத்தால் காரணம் வீடுதான். டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் தம்மேல் படும் ஒலியில் ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். எதிரெதிர்ச் சுவர்களுக்குள் பத்தடி இருந்தால், 56 ஹெர்ட்ஸ் அளவில் பேஸ் அங்கேயே முட்டி மோதிக் குமுறும். அப்படிப்பட்ட அறையில் பெட்டியை மூலையில் தள்ளி, ஷோகேஸுக்குள் பொம்மைகளோடு அடைத்துவிடுகிறோம்!

மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வரட்டும். தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை. புது ஸ்பீக்கர் செலவு மிச்சம்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெட்டி மட்டும் பாட்டே கேட்காமல் ‘தும் தும்’ என்றே கேட்கிறதே, என்ன மாயம்? (திருத்தங்கல் வாசகி)

பதில்: சுவர் மேல்சுருதியைத் தடுத்துவிடும், அடிச்சுருதியைக் கோட்டை விட்டுவிடும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. முதலில் சிரித்த முகத்தோடு சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு மறுநாள் ஸ்பீக்கர் மந்தமாகிவிட்டது. வால்யூமை ஏற்றினாலும் உயிரில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கலாமா? (சாத்தூர் வாசகர்)

பதில்: பெட்டிக்கு ஒன்றுமில்லை. வால்யூமை இறக்கிவிட்டு இதைப் படியுங்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது விதி. ஆனால் நம் தெருவில் திரியைக் கிள்ளி வைத்துவிட்டு நாலு மீட்டர் ஓடுகிறவர் யார்? உள்காதில் பக்கத்துக்குச் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் அவை களைத்துச் சாய்ந்துவிடுவதால்தான் மறுநாள் உலகமே பஞ்சு வைத்து அடைத்த மாதிரி கேட்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளியும். செத்துப்போன செல் மட்டும் திரும்ப முளைக்காது. ‘கொய்ங்’ என்ற ரீங்காரம் அதற்கு மேலும் நின்றால், தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இந்த வட்டாரத்தில் இது ஒருநாள் சங்கதியும் அல்ல. ஆஃப்செட் அச்சு மெஷின் பக்கத்தில் ஷிஃப்ட் முடித்து வருகிறவரின் காது ஏற்கெனவே மந்தமாகியிருக்கும். அந்தக் காதுக்குப் பாட்டு சப்பென்று படும்; சத்தத்தை ஏற்றுவார்; மீதித் தெம்பும் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். மெஷினிலேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்துபோனவருக்குப் பாட்டு கேட்க மிச்சமிருப்பது என்ன? வேலையிடத்தில் காதடைப்பான் போடுங்கள். வீடு வந்ததும் ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். அதே பெட்டி தெளிவாகப் பாடும்.

கேள்வி: பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் குழாய் ஸ்பீக்கர் ஊர்க்கோடி வரை கேட்கும். வீட்டுக்கும் ஒன்று வாங்கினால் என்ன? (விருதுநகர் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். குழாயின் பலம் தூரம் போவது. அதற்காக அது பேஸைக் கைவிட்டு, காது கூர்மையாக இருக்கும் அந்த நடுப்பகுதியிலேயே சக்தியைக் குவிக்கிறது. ‘காணாமல் போன குழந்தை மேடைக்கு வரவும்’ என்று அறிவிக்க அருமையான கருவி. பாட்டைப் போட்டால் தவில் தகரமாகிவிடும்.

கேள்வி: அப்பா வாங்கிய பழைய பெட்டி கரகரக்கிறது. எடைக்குப் போட்டுவிடவா? (வெம்பக்கோட்டை வாசகி)

பதில்: அவசரப்படாதீர்கள். முன்வலையைக் கழற்றி, கோனின் விளிம்பை விரலால் லேசாகத் தொடுங்கள். ஃபோம் விளிம்பாக இருந்தால் வருடங்கள் போகப் போகப் பொடிப்பொடியாக உதிரும். கோன் தன் இடத்தில் நிற்காததால், அதோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்தில் உரசுவதுதான் அந்தக் கரகரப்பு. விளிம்பை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ரப்பர் விளிம்பு போடச் சொல்லுங்கள். ஃபோமைவிட அதிகக் காலம் உழைக்கும்.