நிறுத்துன்னா நிறுத்தணும்லா

ஏல, பேசுனா எழுதுத ஆப் ஒண்ணு பண்ணிருக்கியாம்லா? சந்தோசம். மைக்குப் படத்தை அமுக்குனா நீலக் கோடு அலை அலையா ஆடுது. ஆடட்டும். கிணிங்னு ஒரு சத்தம் வேற. கேக்கட்டும். எல்லாம் சரிதான். பாதியில வேண்டாம்னா அதை வாயை மூட வைக்க வழி எங்கல வச்சிருக்க?

முழிக்கான் பாரு. அலையை ஆட வைக்க ராத்திரி பூரா கண்ணு முழிச்சிருக்கான். இதை யோசிக்க நேரமில்ல.

இப்பிடி வச்சுக்கோ. ஒருத்தி சம்பந்தி வீட்டுக்குச் சேதி சொல்லுதா. 'மதினி, வார வெள்ளிக்கெழம நாங்க...' அம்புட்டுதான் சொல்லிருக்கா. காயப்போட்ட நெல்லுல ஆடு வாயை வச்சிருது. 'சீ மூதி, வெக்கங்கெட்ட சென்மம், போ அங்குட்டு!' மைக்குக்கு ஆடு தெரியுமா, மதினி தெரியுமா? பதறிப்போயி நிறுத்துத பொத்தானை அமுக்குதா. உன் ஆப் என்ன செய்யுது? அம்மா பேசி முடிச்சிட்டா போலன்னு, கேட்டதை எல்லாம் ஒரு எழுத்து விடாம எழுதி அனுப்பியும் வச்சிருது. பெறவு வளைகாப்புக்கு அந்த வீட்டுல இருந்து ஒரு ஆளு வருமால?

மைக்கைக் குத்தஞ்சொல்லாத. 2010-ல ஆண்ட்ராய்டு 2.2 வந்தப்பவே கூகுள்காரன் ஸ்பீச் ரெகக்னைசர்னு ஒரு சாமான் குடுத்துட்டான். அதுல ஸ்டாப் லிசனிங்னு ஒண்ணு, கேன்சல்னு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சியோ? பலசரக்குக் கடையில சாமான் சீட்டு சொல்லுதோம். பாதியில 'போதும்'னா, எழுதுன மட்டும் கட்டிக் குடுப்பான். 'ஒண்ணும் வேண்டாம், சீட்டைக் கிழி'ன்னா வெறுங்கையோட வந்துரலாம். மொதல்லது ஸ்டாப் லிசனிங். ரெண்டாவதுதான் கேன்சல். ஐபோன்காரனும் 2016-ல ஐஓஎஸ் 10-ல இதைக் குடுத்தப்போ ஃபினிஷ், கேன்சல்னு ரெண்டாத்தான் பிரிச்சு வச்சான். கடைப்பையனுக்குத் தெரிஞ்ச வித்தியாசம் பி.இ. படிச்ச உனக்குத் தெரியண்டாமா? 'சரி'க்கு ஒரு பொத்தான், 'வேண்டாம்'க்கு ஒரு பொத்தான். பின்னால போற பொத்தானை அமுக்குனாலும் வேண்டாம்னுதான் அர்த்தம். இதுக்கு எதுக்குல வெள்ளைப் பலகை, மீட்டிங்கு, காப்பி?

ஐபோன்ல இன்னொரு கூத்து இருக்கு. எழுதுத வேலையை ரத்து பண்ணிட்டு, சத்தம் புடிக்கிற ஆடியோ எஞ்சினை நிறுத்த மறந்துருவான். எழுதுதவன் வீட்டுக்குப் போயாச்சு, மைக்கு மட்டும் திறந்து கெடக்கு. 2020-ல வந்த ஐஓஎஸ் 14-ல இருந்து மைக்கு ஓடுனா மேல ஆரஞ்சுப் புள்ளி தெரியும். ஆண்ட்ராய்டு 12-ல பச்சை. சனங்க அதைப் பாத்துட்டு, 'அய்யோ, ஒட்டுக் கேக்கான்'னு போனைத் துணியில சுத்தி வைக்கும். ஒட்டுக் கேக்குத அளவுக்கு உனக்கு ஏதுல சுறுசுறுப்பு? எஞ்சினை நிறுத்தச் சோம்பல், அம்புட்டுதான்.

அதோட, வேண்டாம்னு அமுக்குனா செவப்பு எழுத்துல ஒண்ணு வருது பாத்தியா? 'மன்னிக்கவும், பிழை ஏற்பட்டது.' யாரு பிழை பண்ணா? நானாத்தானே வேண்டாம்னு சொன்னேன்? ஐபோன்ல ரத்து பண்ணுனாலும் அது பிழைன்னுதான் திரும்பி வரும். வந்தா வரட்டும். பேசுதவன் ரத்து பண்ணுனானா, நெசமாவே கோளாறான்னு பாத்துட்டு, மொதல்லதுன்னா கம்முன்னு இருக்கணும். எதுக்கெடுத்தாலும் மன்னிப்புக் கேக்கவனை ஊருல யாரு நம்புவா?

அவசரக்காரன் ஒருத்தன் இருப்பான். அமுக்குவான், விடுவான், திரும்ப அமுக்குவான். பழசு விட்டு விலகுததுக்கு முன்னால புதுசைத் தொடங்குனா, 'நான் வேலையா இருக்கேன்'னு ஆண்ட்ராய்டு கைய விரிச்சிரும். அந்தப் பிழைக்கு நம்பரு 8. சில நேரம் இதைவிட மோசம். சத்தம் எங்கயோ இருக்க சர்வருக்குப் போயித் திரும்புது. ரத்து பண்ணுன பேச்சோட பதில் லேட்டா வந்து, புதுப் பேச்சுக்குள்ள உக்காந்துக்கிடும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நம்பரு போடு. பழைய நம்பருல வார பதிலை வாசல்லயே திருப்பி விடு. பெரிய வித்தையா இது?

நடுவுல போன் வந்தாலும், ஆளு வேற ஆப்புக்குப் போனாலும் ரத்துதான். பெறவு ஆண்ட்ராய்டுல டெஸ்ட்ராய்னு ஒண்ணு இருக்கு, அதையும் கூப்பிட்டு முழுசா விட்டுரு. அந்த ஸ்பீச் ரெகக்னைசர் நாள்பூரா கேட்டுக்கிட்டே இருக்கதுக்கு உள்ளது இல்ல, பேட்டரியும் டேட்டாவும் போயிரும்னு கூகுள்காரனே எழுதி வச்சிருக்கான். நீதான் வாசிக்க மாட்டியே.

என்ன சிரிப்பு? கெழவனுக்கு எதுக்கு ரத்துப் பொத்தான்னு கேக்கியா? கூகுள்ல 2017-லயே தமிழ்ல பேசி எழுத வழி வந்தாச்சு. பட்டணத்துப் பிள்ளைக பேசுனா பரவால்லாம எழுதுது. நான் 'அங்ஙன வையி'ன்னா அது என்னத்தையோ எழுதிட்டு நிக்கி. நாலு வார்த்தை பேசுததுக்கு மூணு தடவை ரத்து பண்ண வேண்டியிருக்கு. அப்பொ எங்கூர்க்காரனுக்கு எந்தப் பொத்தானைல பெருசா வைக்கணும்?