வீட்டுத் தலைவருக்கு வயசு மூணுங்க!

கொங்கு நாட்டில் மரியாதைக்குப் பஞ்சமில்லை. மூன்று வயசுக்காரரையும் ‘வாங்க சாமி, ஒரு வாய் வாங்கிக்குங்க’ என்றுதான் கெஞ்சுவோம். அரிசிம்பருப்புச் சாதமும் உருகிய நெய்யும் தயார்தான். ஆனால் செல்போனில் பாட்டு ஓடினால்தான் சாமி திருவாய் திறப்பார்.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. கோவை பீளமேட்டில் ஒரு கிண்ணம் சோறூட்ட எவ்வளவு நேரமாகும் என்பது ஜெனீவாவுக்குத் தெரியுமா?

‘பையனுக்குச் செல்லைக் குடுக்காதீங்க மாப்ள’ என்று கண்டிக்கும் அம்மிச்சி, சீரியல் நேரத்தில் தன் செல்லைத் தானே நீட்டுவார். அப்புச்சியோ ‘செல்போனால் கெடும் குழந்தைகள்’ என்ற வாட்ஸ்அப் வீடியோவைப் பேரனை மடியில் வைத்துக்கொண்டே பார்ப்பார். வ.உ.சி. பூங்காவில் மானும் மயிலும் காட்டிச் சோறூட்டலாமென்றால், அந்த விலங்குக் காட்சிசாலையின் அங்கீகாரமே 2022இல் ரத்தாகிவிட்டது.

அந்த ஒரு மணி நேரக் கணக்கை முதலில் பெரியவங்க கடைப்பிடிச்சுப் பாருங்க. சாமி தானா வழிக்கு வருவாருங்க.